தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். எங்கள் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை அறுபதைத் தாண்டவில்லை. இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடக்கிறது. இந்த இணைந்த வகுப்புகளுக்கான பயிற்சிக்காக ஆறு ஆசிரியர்களைப் பத்து நாள் தஞ்சாவூருக்கு அனுப்ப ஓர் அறவாரியம் 45,000 ரிங்கிட் மானியம் தர இசைந்திருக்கிறது. 70 விழுக்காடு முதலில் வரும். மீதி, பயண அறிக்கையும் கணக்கும் கொடுத்த பிறகு. எல்லாச் செலவுக்கும் ரசீது வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு வரை ஒதுக்கலாம். பயிற்சி நிறுவனம் தங்குமிடம், உணவு உட்பட ஒருவருக்கு 60,000 ரூபாய் கேட்கிறது, வரி தனி. ‘ஆளுக்கு 7,500 ரிங்கிட் என்று போட்டுவிடுவோம், கணக்கு எளிது’ என்கிறார் தலைமையாசிரியர். டிசம்பர் விடுமுறையில் போவதாகத் திட்டம். ‘ஊர் சுற்றப் போகிறார்கள்’ என்று பெற்றோர் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். வரவு செலவுத் திட்டத்தை எப்படிப் போடுவது?
— பொருளாளர், சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு, வணக்கம்.

45,000 ரிங்கிட்டை ஆறால் வகுத்தால் 7,500 வருவது உண்மைதான். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு வேனைக்கூட ஏற்பாடு செய்ய முடியாது. ஆளுக்கு ஆள் கூடுகிற செலவு ஒரு வகை. எத்தனை பேர் போனாலும் மாறாத செலவு இன்னொரு வகை. விமான டிக்கெட் ஆளுக்கு ஒன்று. விமான நிலையத்துக்குப் போகும் வேனுக்கோ நால்வர் ஏறினாலும் அறுவர் ஏறினாலும் ஒரே வாடகை. ஆசிரியர்கள் திரும்பி வந்தபின் உங்கள் பள்ளியில் நடக்கவேண்டிய வேலைக்குத் தலைக்கணக்கில் இடமே இல்லை. அறவாரியங்களின் கணக்குகளைச் சரிபார்ப்பது என் தொழில். பயண மானியங்களில் மனக்கசப்பு வரும் இடம் பெரும்பாலும் இந்த வகுத்தல் கணக்குதான். ‘என் பங்கு 7,500’ என்று ஒருவர் மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு அதில் ஒரு வெள்ளியைக் குறைத்தாலும் அவரிடமிருந்து பிடுங்கியதாகவே படும்.

எண்களுக்கு முன்னால் தேதியைப் பேசியாக வேண்டும். டிசம்பர் வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். அது முடிந்ததும் கிறிஸ்துமஸை ஒட்டிப் புத்தாண்டு வரை விடுமுறை. உங்கள் ஆசிரியர்கள் தஞ்சாவூரில் இறங்கும்போது தேர்வு அறையைப் பார்க்கலாம், பூட்டிய பள்ளியைப் பார்க்கலாம். பாடம் நடக்கும் வகுப்பைப் பார்க்க முடியாது. மே, ஜூன் விடுமுறையும் உதவாது. அப்போது அங்கே கோடை விடுமுறை அல்லது பள்ளி திறக்கும் பரபரப்பு. விரிவுரை கேட்பதற்கு மட்டும் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நீங்கள் போவது வகுப்பைப் பார்க்க. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து ஒரே ஆசிரியர் கற்பிக்கிறார். அதற்கு முன்பே அங்கே பரவியிருந்த செயல்வழிக் கற்றலின் அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிகளும், ஆந்திராவின் ரிஷிவேலியில் பல வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவியவை. ஒரு குழு அட்டையோடு தானாக வேலை செய்துகொண்டிருக்க, ஆசிரியர் இன்னொரு குழுவோடு தரையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். உங்கள் ஆசிரியர்களுக்கு அன்றாடம் கைவராமல் இருப்பது இதுதான். இதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆகவே, நம் மலேசியப் பள்ளி நாள்காட்டியில் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ வரும் ஒரு வார விடுமுறையைப் பாருங்கள். முன்னும் பின்னுமுள்ள வார இறுதிகளைச் சேர்த்தால் ஒன்பது நாள் கிடைக்கும். தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு செப்டம்பரின் பிற்பாதியை ஒட்டி வருவது வழக்கம். அதற்கு முந்திப் போய்விட்டால் வகுப்புகள் முழுவீச்சில் நடந்துகொண்டிருக்கும். பத்து நாள் பயிற்சியை ஏழு நாளாகச் சுருக்கித் தரச்சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். அந்த ஏழிலும் குறைந்தது மூன்று நாள் பள்ளிகளில் கழியவேண்டும் என்று எழுத்தில் பெறுங்கள். ஆண்டு இறுதியில் ஏறும் விமானக் கட்டணத்திலிருந்தும் தப்பிக்கலாம்.

இனி எண்கள். நிறுவனத்தின் கட்டணம் உங்கள் கடிதத்தில் இருக்கும் பத்து நாள் கட்டணம்; ஏழு நாளுக்கு எவ்வளவு என்று தெரியும்வரை நாள் கணக்கையும் அதன்படியே போடுகிறேன். மற்றவை நான் மாதிரிக்காக இட்டவை. விலைப்புள்ளி வாங்கியதும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

‘வரி தனி’ என்ற இரண்டு சொற்களில் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் வணிகப் பயிற்சிக் கட்டணங்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. மொத்தத்துக்கும் அந்த விகிதம் விழுந்தால் 60,000 ரூபாய் 70,800 ஆகிவிடும். அதாவது 3,000 ரிங்கிட் 3,540 ஆகும். ஆறு பேருக்கு இந்த வரி மட்டும் 3,240 ரிங்கிட். தங்குமிடத்துக்கு வேறு விகிதம் இருக்கலாம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தெளிவு வரும்வரை கூடுதலான எண்ணையே எழுதிவையுங்கள்.

ஒருவருக்குப் பயிற்சி 3,540, பெட்டியோடு சேர்த்து விமான டிக்கெட் 1,300, விசாவும் பயணக் காப்புறுதியும் 250. நிறுவனம் உணவு தருவதால் தினப்படி சிறிதாக இருந்தால் போதும்: நாளுக்கு 50 வீதம் பயண நாளையும் சேர்த்துப் பதினொரு நாளுக்கு 550. ஆக, ஒருவர் போனால் 5,640 ரிங்கிட். எத்தனை பேர் போனாலும் மாறாதவை: சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்குப் போகவர வேன் 1,600, அங்கே திருச்சி–தஞ்சாவூர் பயணமும் பள்ளிகளுக்குப் போய்வரும் வேனும் 1,200, நூல்களும் கற்பித்தல் கருவிகளும் 2,000, வங்கிக் கட்டணம் 300, திரும்பி வந்தபின் செய்யும் வேலைகளுக்கு 5,000, எதிர்பாராச் செலவு 2,250. இவற்றின் கூட்டு 12,350.

ஆறு பேர் போனால் மொத்தம் 46,190, மானியத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து பேருக்கு 40,550. நான்கு பேருக்கு 34,910.

உள்ளூர்ப் பயணத்தை நான் தனியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. தோட்டப்புறத்திலிருந்து போகிறவர்களின் திட்டங்களில் இதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. தலைநகரில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் பக்கம். உங்களுக்கோ போக மட்டுமே ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். அதேபோல் சென்னைக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சென்னையிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து 60 கிலோமீட்டர்தான். ஒரு நாளும் ஓர் இரவுத் தங்கலும் மிச்சமாகும்.

அடுத்தது, மொத்தத் தொகையைவிட உங்களை அதிகமாக வாட்டப்போவது: எந்தத் தேதியில் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்பது. முதல் தவணை 45,000இல் 70 விழுக்காடு, அதாவது 31,500. பயணம் முடிந்து அறிக்கை கொடுக்கும் நாள்வரை அதை வைத்தே சமாளிக்கவேண்டும். பின்வேலைக்கான 5,000த்தையும் எதிர்பாராச் செலவையும் நீக்கிப் பாருங்கள்: ஆறு பேருக்குத் திரும்பி வரும் நாளுக்குள் 38,940 செலவாகியிருக்கும். 7,440 ரிங்கிட் துண்டு விழும். அதை யார் போடுவது? பொருளாளர் தன் சேமிப்பிலிருந்து போட்டுவிட்டுப் பல மாதம் காத்திருந்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த நிலைக்குப் போகாதீர்கள். ஆசிரியர்களையும் கடன் அட்டையில் டிக்கெட் வாங்கச் சொல்லாதீர்கள். ஐந்து பேர் என்றால் 33,300 வேண்டும், 1,800 குறையும். நான்கு பேர் என்றால் 27,660; முதல் தவணைக்குள் அடங்கிவிடும்.

என் கருத்து, ஐந்து பேர். அறவாரியத்திடம் முதல் தவணையை 75 விழுக்காடாக்கித் தரக் கேளுங்கள், அது 33,750. ஐவரின் செலவு அதற்குள் நிற்கும். காரணத்தை எண்களோடு சொன்னால் பெரும்பாலான அறவாரியங்கள் இசையும். பணம் இல்லாமல் பாதியில் நிற்கும் திட்டத்தை அவர்களும் விரும்புவதில்லை. மறுத்துவிட்டால் நால்வரை அனுப்புங்கள். ஆறாவது ஆசிரியருக்கு வருத்தம் இருக்கும். அவரைப் பயணத்துக்குப் பிந்திய பட்டறையின் பொறுப்பாளராக்குங்கள். யாராவது கடைசி நேரத்தில் போகமுடியாமல் போனால் அவர் பெயரே முதல் மாற்றுப் பெயராக அறவாரியத்திடம் பதிவாகியிருக்கட்டும்.

ஐவர் போனால் 4,450 ரிங்கிட் மிஞ்சும். அதைப் பின்வேலைக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். பின்வேலை என்று நான் சொல்வது, அட்டைகளை நம் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் திருத்தி அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு வகுப்பில் வைப்பது. பக்கத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களை ஒரு சனிக்கிழமை அழைத்துச் செய்துகாட்டுவது. மூன்று மாதம் கழித்து ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது. 150 மாணவருக்குக் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்கள் எல்லோரையும் யாரும் தஞ்சாவூருக்கு அனுப்பப்போவதில்லை. உங்கள் ஐவர் கற்று வருவது அவர்களுக்கும் போய்ச்சேர இந்தப் பணமே வழி. இதனால்தான் அந்த 5,000த்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். செலவு கூடினால் எல்லோரும் முதலில் வெட்டப் பார்ப்பது இந்த வரியைத்தான்.

நாணய மாற்று பற்றி. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.80 என்ற அளவுக்குச் சரிந்தது. 1998க்குப் பிறகு அதுவே மிகத் தாழ்ந்த நிலை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதிக்குள் 4.12 அளவுக்கு மீண்டது. ரூபாய்க் கணக்கில், 17 சொச்சம் கிடைத்த ஒரு ரிங்கிட்டுக்கு 20 கிடைத்தது. அது நமக்குச் சாதகமான திசை. எதிர்த்திசையில் போய் ரிங்கிட் 18 ரூபாய்க்கு இறங்கினால் பயிற்சிக் கட்டணம் ஆளுக்கு 393 ரிங்கிட் கூடும், ஐவருக்கு 1,965. எதிர்பாராச் செலவுக்கான 2,250இல் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். ஆகவே ஒப்பந்தம் ஆனதும் ஒரு பகுதியை முன்பணமாக அனுப்பிவிடுங்கள். வங்கியில் அனுப்பும்போது கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறியுங்கள். இல்லையென்றால் இடையில் நிற்கும் வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும்; அங்கே தொகை குறைவாகப் போய்ச்சேரும்; கணக்கு இழுபடும்.

ரசீதுகளுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஆசிரியர் பயிற்சிப் பயணங்களுக்கு வேறு முறை இருக்கிறது. பயணச் செலவு தூரத்தைப் பொறுத்த நிலையான தொகை. தங்கலுக்கு நாளுக்கு இவ்வளவு. பயிற்சிக் கட்டணம் நாளுக்கு 80 யூரோ, ஒருவருக்கு 800 யூரோவுக்கு மேல் இல்லை. அங்கே பயிற்சியில் கலந்துகொண்ட சான்றிதழே முக்கியமான ஆதாரம். சாப்பாட்டு ரசீது வரை யாரும் கேட்பதில்லை. உங்கள் அறவாரியம் அப்படியல்ல. செலவானதை மட்டும், ரசீதைப் பார்த்துத்தான் தரும். இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய மாதிரிப் படிவங்களை அப்படியே எடுத்தாண்டால் கடைசியில் ரசீது இல்லாமல் நிற்பீர்கள். தினப்படிக்கு மட்டும் ‘ரசீது இல்லாத நிலையான தொகை’ என்று முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தேநீர்க் கடையில் ரசீது கேட்டுக்கொண்டு நிற்பது ஆசிரியர்களுக்கு அழகல்ல.

மற்ற ரசீது எல்லாவற்றுக்கும் ஒரே நடைமுறை. கையில் வாங்கியவுடன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதவேண்டும்: வரிசை எண், தேதி, எதற்காக, எத்தனை பேருக்கு. ‘எண் 14, செவ்வாய், விடுதியிலிருந்து பள்ளிக்கு வேன், ஐவர்’ என்ற அளவு போதும். உடனே கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம். இயந்திரத்தில் வரும் வழவழப்பான தாள் ரசீதுகள் வெயில் பட்டால் சில வாரத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். படம் இல்லையென்றால் அந்தச் செலவும் இல்லை. ரசீது தராத ஓட்டுநரிடம் ஒரு சிறு வவுச்சரில் தொகையும் கையெழுத்தும் வாங்கலாம். விமானத்தில் ஏறும் சீட்டுகளையும் தூக்கி எறியவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

பெற்றோரின் பேச்சைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களை மீட்க மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் பால்மரம் சீவிய தொழிலாளர்கள். அவர் பிறந்த ஊர் உங்கள் சுங்கை சிப்புட். பொதுப்பணம் எங்கே போகிறது என்று கேட்பது அந்த மக்களுக்குப் பழகிய உரிமை. ஒரே தாளில் மொத்தத் தொகை, யார் போகிறார்கள், ஏன் அவர்கள், என்ன பார்க்கப் போகிறார்கள், திரும்பி வந்து எந்த மாதம் என்ன செய்வார்கள் என்று எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பட்டறைக்குப் பெற்றோரையும் அழையுங்கள்.

யாராவது பயிற்சி முடிந்தபின் பழனிக்கோ மதுரைக்கோ போய்விட்டு வர விரும்பலாம். அது இயல்பான ஆசை. ஆனால் அந்த நாள்களின் செலவு அவர்களுடையது. டிக்கெட் வாங்கும் அதே நாளில், பயிற்சி முடிந்ததும் திரும்பினால் என்ன விலை என்பதையும் படமெடுத்துக் கோப்பில் வையுங்கள். நீட்டித்ததால் விலை கூடினால் வித்தியாசத்தை அவர் கட்டவேண்டும். குடும்பத்தாரை உடன் அழைத்துப் போவதைத் தவிர்ப்பது நல்லது. கடப்பிதழ் எடுக்கும் 200 ரிங்கிட்டையும் மானியத்தில் எழுதாதீர்கள். அது ஐந்தாண்டுக்கு அவரவர் உடைமை.

அனுமதி விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் வழியாக நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடு கல்வி இலாகாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அனுமதி கையில் வரும்முன் பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம். விசாவும் போகும் நோக்கத்துக்குப் பொருந்திய வகையாக இருக்கட்டும்.

பணம் யார் கணக்கில் இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் என்றால் சங்கக் கணக்கு. பள்ளியின் பெயரில் என்றால் பள்ளி அலுவலகத்தில் சூவா என்று சொல்லும் பொதுப்பண நிதி. எந்த நிலையிலும் தனிநபர் கணக்குக் கூடாது, ஒரு வாரத்துக்குக்கூட. செயற்குழுவில் தீர்மானம் போட்டு, காசோலையில் இருவர் கையெழுத்திட்டு, மானியத்துக்குத் தனிப் பேரேடு வைத்தால் ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் உள்கணக்காய்வாளர்களுக்கும் வேலை சுலபம்.

இந்த வாரம் இரண்டு கடிதம் எழுதுங்கள். அறவாரியத்துக்கு: ஆறு பேர் ஐவரானதற்கான காரணம், புதிய தேதி, 75 விழுக்காட்டு முதல் தவணை, மிச்சத்தைப் பின்வேலைக்கு மாற்ற அனுமதி. பயிற்சி நிறுவனத்துக்கு: ஏழு நாளுக்குக் கட்டணம் எவ்வளவு, வரி எந்தெந்தப் பகுதிக்கு, எத்தனை நாள் பள்ளிகளில், ஒருவர் வரமுடியாமல் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள். இரண்டு பதிலும் வந்ததும் அட்டவணையைத் திருத்தி எனக்கு அனுப்பிவையுங்கள். டிக்கெட் வாங்கும்முன் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.